நானூறு கட்டமும் அமிர்தம் அக்காவின் மூன்று மாவும்

விண்ணரசிக்கு வயது முப்பத்து நான்கு. பூதலூர்ப் பக்கம் ரயில்வே கேட்டில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த மிக்கேல்ராஜின் ஒரே மகள். பட்டுக்கோட்டை ராஜ்குமார் ட்ரோன் வைத்து நெல்லுக்கு மருந்தடித்துக் கொடுக்கும் தொழில் செய்கிறான். அதில் கம்ப்யூட்டர் பக்கம் முழுதும் விண்ணரசி. வண்டிப் பக்கம் நான், பக்கிரி. ட்ரோன், பேட்டரி, தண்ணீர் டிரம், மருந்து டப்பா எல்லாவற்றையும் என் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவேன், மருந்து கலந்து ஊற்றுவேன். மூன்று வருஷமாகச் சேர்ந்து வேலை செய்கிறோம். இந்த மூன்று வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது நான்கு தடவை. அதில் ஒன்று, நான் வாய்க்காலில் விழுந்தபோது.

ராஜ்குமார் முதலாளி. ஆனால் என்னைவிட இருபது வயது சின்னவன், அதனால் அவன் என்றே எழுதுகிறேன். அவனுக்கும் அது தெரியும்.

விண்ணரசி என்ன வேலை பார்க்கிறாள் என்று ஊரில் எல்லாரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். அவளிடம் கேட்டால் அவள் சரியாகச் சொல்லிவிடுவாள், அது யாருக்கும் புரியாது. எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். முதலில் ட்ரோன் வயலுக்கு மேலே பறந்து போட்டோ எடுக்கும். அவள் எழுதிய புரோகிராம் அந்த வயலைப் பத்து மீட்டருக்கு ஒரு கட்டம் என்று பிரித்து, எந்தக் கட்டத்தில் புகையான் பிடித்திருக்கிறது என்று நிறத்தைப் பார்த்துச் சொல்லும். புகையான் என்பது பயிரின் தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் பூச்சி. விட்டால் வயலில் வட்டம் வட்டமாகத் தீய்ந்து போகும். எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு மருந்து என்ற கணக்கு ட்ரோனுக்குப் போகும், ட்ரோன் அடித்துவிட்டு வரும். இவ்வளவுதான். இதற்கு நடுவில்தான் அவள் முடி நரைத்தது.

புரோகிராமுக்குள்ளே எல்லாம் எண்கள்தான். போட்டோவும் எண், மருந்தும் எண். அந்த எண்களை வரிசையாக, வரிசை மேல் வரிசையாக, அடுக்கு மேல் அடுக்காக வைத்திருப்பார்கள். டென்சர் என்று ஒரு பெயர் சொல்வாள். அதில் எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை எண், எத்தனை அடுக்கு என்பதுதான் அதனுடைய ஷேப். ஒரு டென்சரை இன்னொன்றோடு சேர்க்க வேண்டுமானால் ஷேப் பொருந்த வேண்டும். ஆறடிக்கு மூன்றடிக் கதவை மூன்றடிக்கு ஆறடி நிலையில் மாட்ட முடியாது, அந்த மாதிரி.

சாதாரணமாக இந்த வேலை செய்கிறவர்கள் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் இடிக்கிறதா என்று தெரிந்துகொள்வார்களாம். விண்ணரசி அப்படி விடமாட்டாள். புரோகிராமில் ஒவ்வொரு வேலைக்கும் தலைப்பிலேயே, உள்ளே வரும் ஷேப் இன்னது, வெளியே போகும் ஷேப் இன்னது என்று எழுதி வைப்பாள். செக்கர் என்று ஒன்று இருக்கிறது. அது புரோகிராம் ஓடுவதற்கு முன்னாலேயே அத்தனையையும் படித்து, ஓரிடத்தில் பொருந்தவில்லை என்றாலும் சிவப்பு எழுத்தில் சொல்லும். சிவப்பு இருந்தால் அவள் ஓடவிடமாட்டாள். வயல்காரர் நின்றாலும் சரி, வெயில் ஏறினாலும் சரி.

ராஜ்குமாருக்கு இது ஆகாது.

"அப்பாவும் கேட் கீப்பர், பொண்ணும் கேட் கீப்பர்" என்பான். "ரயிலே வரல, கேட்டச் சாத்திட்டு உக்காந்திருக்கீங்க."

"எங்க அப்பா கேட்ல ஒருத்தரும் சாகல" என்பாள் அவள், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவளுக்கு இந்தப் புத்தி வந்த கதை மெட்ராஸில் நடந்தது. பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு அங்கே ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் இருந்தாள். துணிக்கடைக்காரர் ஒருவருக்கு முப்பது கிளை. எந்தக் கிளைக்கு எந்த அளவுச் சட்டை எத்தனை அனுப்புவது என்று சொல்லும் புரோகிராம் இவர்கள் எழுதியது. முப்பது கிளைக்கும் முப்பது வரிசை இருக்க வேண்டிய இடத்தில், யாரோ ஒரே ஒரு வரிசையைக் கொடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு வரிசைதான் இருக்கிறதா, பரவாயில்லை என்று அதையே இழுத்து முப்பதுக்கும் போட்டுக்கொண்டது. அதற்கு அப்படி ஒரு நல்ல குணம். பதினோரு நாள் எல்லாக் கிளைக்கும் நாற்பத்திரண்டாம் நம்பர் சட்டையாகப் போயிருக்கிறது. கண்டுபிடித்தது விண்ணரசி. தப்புச் செய்த ஆள் மேனேஜருக்கு வேண்டியவர். அப்புறம் அங்கே இவளோடு சாப்பிட யாரும் உட்காரவில்லை. அம்மா கீழே விழுந்து கால் உடைந்தபோது லீவில் வந்தவள், கால் கூடிய பிறகும் திரும்பிப் போகவில்லை.

"திட்டுனா பரவால்ல அண்ணே" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாள். "ஒண்ணும் சொல்லாம செஞ்சு குடுக்குது பாருங்க, அதுதான் பயம்."

போன மார்கழியில் பூதலூருக்குத் தெற்கே ஒரு ஊரில் எங்களைக் கூப்பிட்டார்கள். பத்து ஏக்கர், ஒரே கண்டமாக, எட்டுப் பேருடைய வயல். சம்பா கதிர் வாங்குகிற நேரம், புகையான் இறங்கிவிட்டது. கூப்பிட்டவர் தியாகராசன். அறுபதைத் தாண்டியவர், முப்பது வருஷம் பாசனச் சங்கத்தில் இருந்தவர். தென்மேற்கு மூலை அவருடையது. புகையான் அதிகம் விழுந்ததும் அங்கேதான்.

எட்டுப் பேரில் ஒருவருக்கு மட்டும் மருந்து கூடாது. அவர் அமிர்தம் அக்கா. மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். புருஷன் போன பிறகு தனியாகப் பார்க்கிறார். இரண்டு வருஷமாக ரசாயனம் ஒரு சொட்டு விடாமல் பாரம்பரிய நெல் போட்டு வருகிறார். இந்த சம்பா அறுத்தால் இயற்கை விவசாயச் சான்று வரும், அதற்குப் பிறகு விதை நெல்லாகக் கொடுக்கலாம். தையில் அதிகாரிகள் வந்து இலையும் மண்ணும் எடுத்துக்கொண்டு போவார்கள். அதில் மருந்து தெரிந்தால் முதல் வருஷத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அவருக்கு ஐம்பத்தேழு வயது, முழங்கால் வலி வேறு. இன்னொரு மூன்று வருஷம் ஓடாது என்று அவரே சொன்னார். அதைச் சொல்லும்போது அழவெல்லாம் இல்லை, வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார்.

ஆக விஷயம் இதுதான்: அந்த மூன்று மாவை விட்டுவிட்டு மற்றதில் அடிக்க வேண்டும்.

போட்டோவில் வரப்பு தெரியும், எது யாருடையது என்று தெரியாது. அதனால் தியாகராசன் ஐயா ஒரு படம் போட்டுக் கொடுத்தார். காலண்டர் தாளின் பின்பக்கம், ஸ்கேல் வைத்து, நீளத்தில் இருபது அகலத்தில் இருபது என்று நானூறு கட்டம். ஒவ்வொரு வயலுக்கும் பேர் எழுதி, அமிர்தம் அக்காவின் நாற்பது கட்டத்துக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். அவ்வளவு சுத்தமான கை. விண்ணரசியே "நல்லா இருக்குய்யா" என்றாள். அவள் வாயிலிருந்து அது வருவது லேசில்லை.

பூதலூரில் உரக்கடைக்கு மாடியில் எங்கள் ரூம். அன்றைக்குச் சாயங்காலம் அதை வைத்து டைப் செய்தாள். அடிக்க வேண்டிய கட்டத்துக்கு ஒன்று, விட வேண்டிய கட்டத்துக்குச் சைபர். செக்கரை ஓட்டினாள். முழுக்கப் பச்சை.

"ஆகா!" என்றான் ராஜ்குமார். "முதல் தடவையே பச்சை. பக்கிரிண்ணே, போய் அல்வா வாங்கிட்டு வாங்க."

விண்ணரசி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அதான் பச்சையாயிடுச்சுல்ல?" என்றேன்.

"எப்பவும் ஏதாவது ஒண்ணு சொல்லும் அண்ணே. வயல் நீளமா இருக்கும், முப்பத்திநாலுக்குப் பன்னெண்டுன்னு. நான் பன்னெண்டுக்கு முப்பத்திநாலுன்னு போட்டிருப்பேன், திட்டும். இன்னிக்குத் திட்டல."

"திட்டு வாங்காம உனக்குத் தூக்கம் வராதா?"

நான் அல்வா வாங்கப் போனேன். கடை சாத்தியிருந்தது.

மறுநாள் காலை ஆறரைக்கு வயலில் இருந்தோம். பனி. லேசாகக் கொண்டல் அடித்தது. கிழக்கிலிருந்து வருகிற காற்று, அமிர்தம் அக்கா வயல் பக்கமிருந்து இந்தப் பக்கம். அந்தக் காற்று இருந்தால்தான் அன்றைக்கு அடிக்கலாம், அது நின்று திசை மாறினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வண்டியைத் தென்மேற்கு மூலையில், வாய்க்கால் கரையில் நிறுத்தினேன். பத்து லிட்டர் கலந்து ட்ரோனில் ஊற்றினேன். தியாகராசன் ஐயா குல்லா போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

அமிர்தம் அக்கா அவர் வயலுக்குள்ளே, நட்டநடுவில் நின்றார். அடிக்கும்போது வயலில் ஆள் நிற்கக் கூடாது. ராஜ்குமார் அவரைப் போனில் கூப்பிட்டான்.

"அத்தாச்சி, வெளில வாங்க. உங்க பக்கம் வராது. கம்ப்யூட்டர்ல போட்டாச்சு."

ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது. "வராதுன்னா நான் நிக்கிறதுல உனக்கு என்ன? வந்துச்சுன்னா எனக்குத் தெரியணும்ல. நெல்லு வந்து சொல்லாது."

போனை வைத்துவிட்டார். ராஜ்குமார் தலையில் அடித்துக்கொண்டான். பறக்கவிட்டான். எப்போதும் தூரத்து மூலையில் தொடங்கி எங்களை நோக்கி அடித்துக்கொண்டே வருவதுதான் பழக்கம். ட்ரோன் தென்வரப்பு மேலே கிழக்கே போனது, குழாய் மூடியபடி. நாற்பது செகண்டில் மறு மூலைக்குப் போய்விடும்.

விண்ணரசி வண்டியின் பின்கதவில் லேப்டாப்பை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் வயல் முழுதும் பச்சை, விட வேண்டிய இடம் வெள்ளை, வண்டி நிற்கும் இடம் ஒரு நீலப் புள்ளி. நிமிர்ந்து பார்த்தாள். குனிந்து பார்த்தாள். மறுபடி நிமிர்ந்தாள்.

"பக்கிரிண்ணே, அமிர்தம் அக்கா எந்தப் பக்கம் நிக்கிறாங்க?"

"அவங்க வயல்லதான். தென்கிழக்கு."

"நாம?"

"தென்மேற்கு. ஏம்மா?"

"வெள்ளை நம்ம பக்கத்துல இருக்கு."

ராஜ்குமாரைப் பார்த்து, "நிறுத்து" என்றாள்.

"என்ன?"

"நிறுத்துடா!"

அதுவரைக்கும் முதலாளியை அவள் டா போட்டதில்லை. அந்த அதிர்ச்சியில்தான் அவன் பொத்தானை அழுத்தினான் என்று நினைக்கிறேன். ட்ரோன் அந்தரத்தில் நின்றது. அமிர்தம் அக்கா தலைக்கு நாற்பது அடி இந்தப் பக்கம். அவர் நகரவில்லை. தலையில் போட்டிருந்த துண்டை மட்டும் சரிசெய்துகொண்டார்.

ராஜ்குமார் அதைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினான். நான் குழாயைப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"செக்கர் பச்சைதானே காட்டுச்சு?" என்றான் ராஜ்குமார்.

"இருபதுக்கு இருபது" என்றாள். "எப்படித் திருப்பி வெச்சாலும் இருபதுக்கு இருபதுதான். அது அளவைத்தான் பாக்கும். தாள்ல உச்சி வடக்குன்னு நெனச்சுக்கிட்டு டைப் பண்ணினது நான். அத யாரும் கேக்கல, நானும் கேக்கல." பிறகு தியாகராசன் ஐயா பக்கம் திரும்பினாள். "ஐயா, இந்தத் தாளோட உச்சில என்ன திசை?"

"தண்ணி வர்ற திசை" என்றார் அவர்.

"தண்ணி எங்கேர்ந்து வருது?"

"மேற்கேர்ந்து. வேற எங்கேர்ந்து வரும்? கடல்லேர்ந்தா வரும்?"

"படம் போட்டா உச்சி வடக்கா இருக்கும்யா."

"வடக்கேர்ந்து எனக்கு என்ன வருது? பனிதான் வருது. முப்பது வருஷமா சங்கத்துல இப்படித்தான் போடுறோம். மடை உச்சில, வடிகால் அடில. எவனும் வந்து எது வடக்குன்னு கேட்டதில்ல."

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னபடி, மேற்கை உச்சியாக வைத்துப் பிடித்தால் எல்லாம் அதது இடத்தில் இருந்தது. விண்ணரசி பிடித்த மாதிரி வடக்கை உச்சியாக வைத்தால் சிவப்புக் கோடு தென்மேற்கு மூலையில் வந்து உட்கார்ந்தது. அதாவது தியாகராசன் ஐயா வயலில். அவர் கையால் போட்ட படத்தை வைத்தே அவர் புகையானுக்கு மருந்தில்லாமல் போயிருக்கும்.

அதை அவரிடம் சொன்னேன்.

"அப்ப சான்று எனக்குக் குடுத்திருப்பாங்களா?" என்றார்.

ராஜ்குமார் அவசரப்பட்டான். "தாளைத் திருப்பி வெச்சுப் பாத்து டைப் பண்ணு. அஞ்சு நிமிஷம். காத்து நிக்குறதுக்குள்ள அடிச்சிரலாம்."

"இன்னிக்குச் சரியாயிடும். அடுத்த ஊர்ல?"

"அடுத்த ஊர அப்பப் பாத்துக்கலாம் விண்ணு."

அவள் வண்டியில் ஏறி, டிரம்மில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு புரோகிராமைத் திறந்தாள். அதுவரை வரிசை, நிரல் என்று மட்டும் எழுதி வைத்திருந்த இடங்களிலெல்லாம் திசையை எழுத ஆரம்பித்தாள். போட்டோவுக்கு, வடக்கிலிருந்து தெற்கே இருபது, மேற்கிலிருந்து கிழக்கே இருபது. தாளுக்கு, மேற்கிலிருந்து கிழக்கே இருபது, தெற்கிலிருந்து வடக்கே இருபது. எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் இனிமேல் பேர் வேறு. பேர் பொருந்தாமல் இரண்டையும் சேர்க்க முடியாது. தாளைக் கொடுத்தவரிடம் திசை கேட்காமல் பேரை நிரப்பவும் முடியாது.

செக்கரை ஓட்டினாள். ஏழு இடத்தில் சிவப்பு.

"இதுதான்" என்றாள். சிரித்தாள் என்று சொல்ல முடியாது, ஆனால் முகம் தெளிந்தது. அதை நான் நான்கில் சேர்க்கவில்லை.

ஏழையும் சரிசெய்து முடிக்க மணி ஒன்பதே முக்கால். கொண்டல் நின்று, காற்று எந்தப் பக்கம் என்று அதற்கே தெரியாமல் சுற்றியது. அன்றைக்கு அடிக்க முடியாது. தியாகராசன் ஐயாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"ஒரு நாள்ல புகையான் எவ்வளவு தின்னும் தெரியுமாம்மா உனக்கு?"

"தெரியும்யா. புரோகிராம்ல இருக்கு."

அது ஆறுதல் சொல்கிற முறை இல்லை. ஆனால் அவளிடம் இருந்தது அதுதான்.

அமிர்தம் அக்கா வரப்பு வழியாக நடந்து வந்தார். முழங்கால் காரணமாக ரொம்ப நேரம் ஆனது. ராஜ்குமார் விண்ணரசிக்குக் கண் காட்டினான், ஒன்றும் சொல்லாதே என்று. பேட்டரி கோளாறு என்று சொல்லிவிடலாம் என்பது அவன் எண்ணம். என் எண்ணமும் அதுதான், பொய் சொல்வானேன்.

"அக்கா, விட்டிருந்தா இன்னிக்கு உங்க வயல்லதான் மருந்து விழுந்திருக்கும்" என்றாள் விண்ணரசி. "தாளைத் தப்பா படிச்சது நான்."

அமிர்தம் அக்கா வெற்றிலையைத் துப்பினார்.

"இப்ப சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

"நாளைக்கும் நான் உள்ளதான் நிப்பேன்."

"நிக்கக் கூடாதுக்கா. மருந்து உடம்புக்கு ஆகாது."

"மருந்து வராதுன்னு சொல்றது நீதானே?"

அக்கா திரும்பி நடந்தார்.

மறுநாள் அதே ஆறரை. கொண்டல் வந்திருந்தது. அதே இடத்தில் வண்டி, அதே பத்து லிட்டர். வெள்ளை இப்போது திரையில் தூரத்து மூலையில் இருந்தது. சுற்றி இரண்டு கட்டம் அகலத்துக்கு எல்லைக் காப்பாக வேறு விட்டிருந்தாள். ராஜ்குமார் ரிமோட்டை எடுத்ததும் அவள் செருப்பைக் கழற்றினாள். லேப்டாப்பை என் கையில் கொடுத்தாள்.

"எங்கம்மா போறே?"

"அக்கா தனியா நிக்கிறாங்க."

"அங்க போனா திரை தெரியாதே?"

"திரைல முந்தாநாளும் பச்சைதான் அண்ணே."

தென்வரப்பு மேலே போய், வயலில் இறங்கி, அமிர்தம் அக்கா பக்கத்தில் நின்றாள். படித்த பெண் செய்கிற காரியமா இது? எனக்கு வந்த கோபத்துக்கு லேப்டாப்பைக் கீழே போட்டிருப்பேன். ராஜ்குமார் என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்ல. "விடு தம்பி, அது சொன்னா கேக்காது" என்றேன். விட்டான்.

ட்ரோன் நேராக அவர்களை நோக்கிப் போனது. காப்புக்கு விட்ட இடத்துக்கு முன்னால் நின்று, குழாயைத் திறந்து, வடக்கே திரும்பியது. ஒரு வரிசை அடித்துவிட்டுத் திரும்பி வந்தது. மறுபடி அதே இடத்தில் திரும்பியது. ஒவ்வொரு தடவையும் அவர்கள் இரண்டு பேரும் தலையைத் திருப்பி அதைப் பார்த்தார்கள். தியாகராசன் ஐயா என் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை டாங்கி நிரப்பினோம். தென்மேற்கு மூலைக்கு வந்து அவர் வயலில் அடித்தபோது எண்ணுவதை விட்டுவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

முடிந்ததும் வரப்பில் அமிர்தம் அக்கா ஒரு நெல் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தது தெரிந்தது. விண்ணரசியிடம் நீட்டினார். அவளும் முகர்ந்தாள். பிறகு அக்கா விண்ணரசியின் கையைப் பிடித்து, முழங்கைவரை முகர்ந்து பார்த்தார். தன் சேலை முந்தானையையும் முகர்ந்து பார்த்துக்கொண்டார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது விண்ணரசியின் கால் முழங்கால்வரை சேறு. வண்டியில் அப்படியே ஏறினாள்.

தையில் அதிகாரிகள் வந்தார்கள், இலையும் மண்ணும் எடுத்துக்கொண்டு போனார்கள். மாசி கடைசியில் ஒரு நாள், வண்டியில் போய்க்கொண்டிருக்கும்போது விண்ணரசிக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏய் விண்ணரசி, தாள் வந்துருச்சு! ஒண்ணும் இல்லன்னு போட்டிருக்காம். ஒரு சொட்டு இல்லையாம்!" அமிர்தம் அக்கா கத்தியது வண்டி சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"நல்லதுக்கா" என்றாள் விண்ணரசி. "சர்வே நம்பர் உங்களுதான்னு பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன். என்னுதுதான்."

"எந்த மூலைல ஆரம்பிச்சு எடுத்தாங்கன்னு எழுதியிருக்கா?"

அக்கா போனை வைத்துவிட்டார்.